அறுபத்தைந்து அங்குலக் குற்றம்

என் வீட்டுச் சுவரில் எவ்வளவு அகலத்துக்கு நான் படம் பார்க்கலாம் என்பதைக் குடிநீர் வாரியம் முடிவு செய்து வைத்திருக்கிறது என்று யாராவது முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அந்த வேலையில் சேர்ந்தே இருக்க மாட்டேன். சைக்கிளுக்குக் காற்றடித்தாவது பிழைத்திருப்பேன். இருபத்தாறு வருஷம் பம்ப் ஓட்டி முடித்த பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்?

நான் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். நான்காம் நிலை ஊழியன். வாரியம் கொடுத்த குடியிருப்பில் தரைத்தளத்தில் வீடு. கூடம் நீளமாக இருக்கும், அகலம் கிடையாது. டிவி ஒரு கோடியில், சோபா மறு கோடியில், நடுவே பன்னிரண்டு அடி. எதையும் நகர்த்தவும் வழியில்லை. இடது பக்கம் இரண்டு கதவு, வலது பக்கம் இரண்டு ஜன்னல். மனிதர்கள் உட்காருவார்கள் என்ற நினைப்பே இல்லாமல் கட்டிய வீடு அது.

என் மனைவி இருபத்திரண்டு வருஷம் நெசவாலையில் தறி ஓட்டினாள். அந்தச் சத்தத்தில் அவள் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. காதுக்குக் கருவி வாங்கிக் கொடுத்தோம். அது மனிதர் பேச்சை விட்டுவிட்டுப் பாத்திரம் விழும் சத்தத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தது. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள், மூன்றாம் நாள் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். எதிரில் நின்று நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். படம் என்றால் கீழே ஓடும் எழுத்துதான் அவளுக்குப் படம்.

பழைய டிவி முப்பத்திரண்டு அங்குலம். சோபாவிலிருந்து பார்த்தால் அந்த எழுத்து எறும்பு வரிசையாகத்தான் தெரியும். அதனால் ஒரு ஸ்டூலைப் போட்டு டிவிக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்துகொள்வாள். பிறகு எனக்கும் மகளுக்கும் தெரிவதெல்லாம் அவள் கொண்டைதான். ஒருநாள் மகள் விளையாட்டாக, கதாநாயகியைவிட அம்மா கொண்டை நன்றாக நடிக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சொல்லத் தொடங்குவதற்கும் மனைவி திரும்புவதற்கும் சரியாக இருந்தது. உதட்டைப் படித்துவிட்டாள்.

மறுநாள் ஸ்டூல் சமையலறைக்குப் போய்விட்டது. நாங்கள் டிவியைப் போட்டால் எழுந்து உள்ளே போய், ஏற்கனவே துடைத்த மேடையை மறுபடி துடைப்பாள். கூப்பிட்டால், "நீங்க பாருங்க, எனக்கு வேலை கெடக்கு" என்பாள். ஒரு வருஷம் இப்படிப் போனது. அந்த ஒரு சொல்லுக்காக மகள் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாள் என்று கணக்கே இல்லை. மனைவி சிரித்துவிட்டு, "அடி போடி" என்று மேடையைத் துடைக்கப் போய்விடுவாள்.

ஆகவே பெரிய டிவி வாங்குவது என்று முடிவு செய்தோம். பெரியது வேண்டும், எங்கள் தலையில் துண்டு விழாத விலையில் வேண்டும். மகள் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறாள். வாங்கி ஒரு வாரமானவன் எழுதும் புகழ்ச்சியைப் படிக்கக் கூடாது, ஒரு வருஷமானவன் எழுதும் வயிற்றெரிச்சலைத்தான் படிக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. பத்து நாள் படித்தாள். பிறகு மனைவியை வலுக்கட்டாயமாகக் கிளப்பிக்கொண்டு மூன்று பேரும் கடைக்குப் போனோம்.

கடையில் கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் எங்களைப் பிடித்துக்கொண்டார். இந்த டிவியில் நூறு கோடி நிறம் தெரியும், கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரியும் என்றெல்லாம் விளக்கினார். கீழே ஓடும் எழுத்து என்ன நிறம் என்று கேட்டேன். வெள்ளை என்றார். அப்படியானால் எங்களுக்கு ஒரு நிறம் போதும் என்றேன். மனிதர் கொஞ்சம் ஆடிப்போனார்.

நான் காலால் பன்னிரண்டு அடி அளந்தேன். சரியாகப் பன்னிரண்டாவது அடியில் ஒரு வாஷிங்மெஷின் நின்றது. மனைவியை அதில் சாய்ந்து நிற்கச் சொல்லிவிட்டு, மகள் ஒவ்வொரு டிவியிலும் எழுத்தை ஓடவிட்டாள். நாற்பத்து மூன்றில் மனைவி உதட்டைப் பிதுக்கினாள். ஐம்பதில் கண்ணைச் சுருக்கினாள். ஐம்பத்தைந்தில் பாதி வரி படிப்பதற்குள் அது ஓடிப்போயிற்று. அறுபத்தைந்துக்கு வந்தபோது அவள் எங்களை மறந்துவிட்டாள். ஏதோ ஒரு படத்தின் நடுவிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் அசையாமல் நின்று பார்த்துவிட்டு, "இவன்தான் அண்ணனைக் காட்டிக் கொடுத்திருப்பான்" என்றாள். அவ்வளவுதான், தீர்ந்தது விஷயம்.

பெரிய கம்பெனியில் நாற்பத்து மூன்று வாங்குகிற விலைக்குள், யாரும் பேர் கேள்விப்படாத கம்பெனியின் அறுபத்தைந்து வந்துவிட்டது. மகள் ரிமோட்டைப் பிடுங்கி, படம் காட்டும் ஆப் ஒவ்வொன்றையும் திறந்து மூடி, திணறுகிறதா என்று பார்த்தாள். நினைவகம் எவ்வளவு, எழுத்தைப் பெரிதாக்க முடியுமா, பழுதானால் பார்க்க ஊரில் ஆள் உண்டா என்று கிளறினாள். விற்பனையாளருக்கு மனசு கேட்கவில்லை. இதில் சத்தம் கொஞ்சம் சுமார்தான், கூடவே ஒரு சவுண்டுபார் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். பார்க்கப் போகிறவருக்குக் காது கேட்காது என்று மகள் சொன்னாள். அவர் கையிலிருந்த விலைப்பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இதுவரை நடந்ததில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் எங்கள் குடியிருப்பு வாசலில் தொடங்கியது.

பெட்டி வேனில் வந்தது. பெட்டியின் இரண்டு பக்கமும் 65 என்று ஆள் உயரத்தில் பாதிக்கு அச்சடித்திருந்தார்கள். காவலாளி பதிவேட்டைத் திறந்தார். அதில் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் ‘அங்குலம்’ என்று ஒரு கட்டம் இருந்ததை அன்றைக்குத்தான் நான் கவனித்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனா மூடியைக் கழற்றவே இல்லை. இதை எழுதினால் தன் கையெழுத்து மாட்டிக்கொள்ளும் என்று சொல்லி, கட்டத்தைக் காலியாக விட்டு வேனை உள்ளே விட்டார். வேன் தலைமைப் பொறியாளர் பங்களாவைத் தாண்டித்தான் எங்கள் வரிசைக்கு வர வேண்டும். தாண்டியது.

மறுநாள் காலை பம்ப் ஹவுசுக்கு ஆள் வந்தது, எஸ்டேட் ஆபீசர் கூப்பிடுகிறார் என்று. குடியிருப்பில் யாருக்கு எந்த வீடு, எந்த வீட்டில் எத்தனை குழாய் என்பதையெல்லாம் பார்க்கிறவர் அவர். அவர் அறையில் எனக்குக் கை இல்லாத நாற்காலியைக் காட்டினார். எங்கள் வாரியத்தில் நான்காம் நிலைக்கு நாற்காலியில் கை கிடையாது. மூன்றாம் நிலைக்குக் கை உண்டு, சக்கரம் இல்லை. இரண்டாம் நிலைக்குச் சக்கரம் வந்துவிடும். முதல் நிலைக்கு முதுகு தலைக்கு மேல் போகும். ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே அவர் சம்பளத்தைச் சொல்லிவிடலாம்.

ஆபீசர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உடம்பு சரியில்லாதவனுக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"நாலாம் நிலைக்கு முப்பத்திரண்டு. மூணாம் நிலைக்கு நாப்பது. எனக்கு நாப்பத்து மூணு. தலைமைப் பொறியாளருக்கு அம்பத்தஞ்சு. இது யாரும் உக்காந்து போட்ட சட்டம் இல்ல. மரியாதையில தானா அமைஞ்சது. நீங்க பெருசா வாங்கிட்டீங்கங்கறது பிரச்சினை இல்ல. நீங்க வாங்கினதால அவரோடது சின்னதாயிடுச்சு பாருங்க, அதுதான் பிரச்சினை."

என் டிவி வந்ததால் அவர் டிவி எப்படிச் சுருங்கும் என்று எனக்கு விளங்கவில்லை. அதைக் கேட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்பதால்தான் நீங்கள் நான்காம் நிலையிலேயே இருக்கிறீர்கள் என்றார். மனைவியின் காதைப் பற்றிச் சொன்னேன். மிகவும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டு முடித்ததும் டிவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

விதியின் நகல் ஒன்று கொடுங்கள் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. அது வாய்மொழி உத்தரவு என்றார். எங்கள் வாரியத்தின் பழக்கம் அது. தாளில் இருப்பதெல்லாம் டீத்தூள் கொள்முதலும் இரங்கல் தீர்மானமும்தான். எந்தத் தெருவுக்குத் தண்ணீரை நிறுத்துவது, யாரை எங்கே தூக்கியடிப்பது, யாருக்கு எத்தனை அங்குலம் என்பதெல்லாம் வாயிலிருந்து காதுக்குப் போகும். எழுதி வைத்தால் எழுதினவன் யார் என்று கேள்வி வரும். சொன்னதென்றால், சொல்லவே இல்லை என்று போய்விடலாம். இந்தச் சௌகரியத்தில்தான் வாரியம் நாற்பது வருஷமாக ஓடுகிறது.

திருப்பிக் கொடுக்க முடியாது, விலக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நான் எழுதலாமாம், அவர்கள்தான் எழுத மாட்டார்களாம். என் மனுவைப் பரிசீலிக்கத் திரை ஒழுங்குக் குழு என்று ஒன்று முளைத்தது. ஆபீசர் தலைவர். அளவைப் பிரிவில் ஒருவர் இருக்கிறார், எப்போதும் இடுப்பில் டேப் சொருகியிருப்பார், எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவோம், அவர் உறுப்பினர். நடுநிலைக்காக நூலகரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்கும் டிவிக்கும் சம்பந்தமே இல்லை, அதுதான் தகுதி.

மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். டேப்பு இடமிருந்து வலமாக அளந்தார். ஐம்பத்தாறுக்கு மேல் வரவில்லை. மறுபடி அளந்தார். அதே ஐம்பத்தாறு. கம்பெனி ஏமாற்றிவிட்டது, பாவம் என்று நூலகர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். மகள்தான், மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். அறுபத்தைந்து வந்தது. இதைக் கேட்டு ஆபீசர் திடுக்கிட்டுவிட்டார். இத்தனை வருஷம் யாருக்கு எத்தனை அங்குலம் என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, அங்குலத்தை எப்படிப் பிடிப்பது என்று அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. கீழிருந்து மேலாக அளக்கச் சொன்னேன். டேப்பு அளந்தார். முப்பத்திரண்டு. ஒரு நூல் குறைவாகவே இருந்தது.

"நாலாம் நிலைக்கு முப்பத்திரண்டுன்னு தானே சொன்னீங்க. எந்தப் பக்கம்னு சொல்லலையே சார்" என்றேன்.

குழு தனியாகப் போய் மரத்தடியில் நின்று பேசியது. அரைமணி நேரம் பேசியது. திரும்பி வந்து, உயரத்தை வைத்துப் பார்த்தால் தலைமைப் பொறியாளருடையது இருபத்தேழு ஆகிவிடுகிறது, ஆபீசருடையது இருபத்தொன்றுக்குப் போய்விடுகிறது, ஆகவே இந்த வாதம் என் குற்றத்தை இன்னும் கடுமையாக்குகிறது என்று அறிவித்தார்கள். நூலகர் என் தோளைத் தட்டி, இனிமேல் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. மனைவிக்கு உண்மையிலேயே காது கேட்கவில்லையா என்று வாரியத்தின் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். போனோம். மருத்துவர் மூக்கு வாய் மூடிய முகமூடி போட்டிருந்தார். அதற்குள்ளிருந்து மனைவியின் பேரைக் கேட்டார், வயதைக் கேட்டார், எத்தனை நாளாகக் கேட்கவில்லை என்று கேட்டார். அவள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினார். நான் பதறிப்போய் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள் என்றேன். பெரிய மனசு பண்ணிக் கழற்றினார். அவள் உதட்டைப் பார்த்துப் பேரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள். ‘கேட்கும் திறன் திருப்திகரம்’ என்று எழுதிவிட்டார். இது அநியாயம் என்று நான் சொன்னபோது அவருக்கும் சலிப்பு வந்துவிட்டது.

"ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணிட்டு வாங்க. ஒண்ணு பதில் சொல்லாம இருக்கணும், இல்ல ஒத்துழைக்கணும். ரெண்டும் சேர்ந்து எங்க ஃபாரத்துல இல்ல."

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, மருத்துவர் என்ன எழுதினார் என்று கேட்டாள். சொன்னேன். நடுத்தெருவில் நின்று சிரித்தாள். பிறகு, வேண்டாம், விட்டுவிடலாம், எனக்காக நீங்கள் இவர்கள் காலில் விழுந்துகொண்டு திரிய வேண்டாம் என்றாள். அவள் சிரித்தது தாங்கிக்கொள்ளும்படி இருந்தது. விட்டுவிடலாம் என்று சொன்னதுதான் தாங்கவில்லை. டிவி வந்த இந்த மூன்று வாரமும் அவள் சாயங்காலமானால் சோபாவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். மேடை அழுக்காகவே கிடந்தது. அதை நான் விடுவதாக இல்லை.

குழு இடைக்கால ஏற்பாடு ஒன்று செய்தது. டேப்பு கறுப்பு அட்டைகளோடு வந்தார். திரையின் நான்கு பக்கமும் அட்டையை ஒட்டி, நடுவில் முப்பத்திரண்டு அங்குலம் மட்டும் தெரிகிற மாதிரி விட்டு, மூலைகளில் வாரிய முத்திரை குத்தினார். இறுதி முடிவு வரும்வரை இந்த ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மூலைக்கு மூலை குறுக்காக அளந்துதான் வெட்டியிருந்தார். மகள் சொல்லிக் கொடுத்தது வீண் போகவில்லை.

அன்று சாயங்காலம் படம் போட்டோம். நடிகர்களின் மூக்கும் கண்ணும் தெரிந்தன. எழுத்து கீழே ஓடியது, அட்டைக்குப் பின்னால். மனைவி கொஞ்ச நேரம் அந்தக் கறுப்பு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போனாள். சமையலறைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராக டிவிக்குப் போனாள். கீழ் அட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. முத்திரை, கோந்து, எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. பிறகு மேல், பிறகு பக்கம். நான்கையும் மடித்து அடுப்பு மேடைக்கு அடியில் விரிப்பாகப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். நானும் மகளும் அவளையே பார்த்தோம்.

"என்ன பார்க்கறீங்க? படத்தப் பாருங்க" என்றாள்.

முத்திரையைச் சரிபார்க்க டேப்பு வந்து போனதும், வாரிய முத்திரையைச் சேதப்படுத்தியது என்று இரண்டாவது குற்றம் சேர்ந்தது. டிவியைப் பறிமுதல் செய்து வாரிய ஸ்டோரில் வைக்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆபீசர் தாமே வந்தார். டேப்பு வந்தார். தூக்குவதற்கு இரண்டு ஆள், தள்ளுவண்டி ஒன்று. செய்தி எங்கள் வரிசை முழுக்கப் பரவி, வலது பக்க ஜன்னல் இரண்டிலும் அக்கம்பக்கத்து ஆட்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். வால்வ் திறப்பவரின் மனைவி கம்பியைப் பிடித்து ஏறியே நின்றாள்.

மனைவி சோபாவில் இருந்தாள். ஆபீசர் பேசப்போவதை அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும், ஆபீசரோ நிமிஷத்துக்கு நூறு வார்த்தை பேசுகிறவர், உதட்டில் பிடிக்க முடியாது. மகள் தன் போனில் ஒரு ஆப் வைத்திருந்தாள். நாம் பேசுவதைக் கேட்டு அப்படியே எழுத்தாக்கிவிடும். போன் திரையில் இருப்பதைப் பெரிய டிவியில் காட்டவும் வழி உண்டு. அவள் சத்தம் போடாமல் இரண்டையும் இணைத்து, போனை டிவிக்கு அடியிலிருந்த பலகையில் வைத்துவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆபீசர் டிவிக்கு முன்னால் எங்களைப் பார்த்து நின்றார், முதுகு திரைக்கு. மனைவி, "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்றாள். எதை மறைக்கிறது என்று கேட்காமலே பழக்கதோஷத்தில் தள்ளி நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

இந்தக் குடியிருப்பு ஒரு குடும்பம் என்று தொடங்கினார். திரையில், ‘இந்தக் குடியிருப்பு ஒரு குடும்பம்’ என்று விழுந்தது. ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். குடும்பத்தில் யார் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்றார். அதுவும் விழுந்தது. மனைவி நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தாள். முதல்முறையாக ஓர் அதிகாரியின் பேச்சு ஒரு சொல் விடாமல் அவளிடம் வந்து சேர்ந்தது. ஜன்னலில் இருந்தவர்களும் படித்தார்கள். ஆபீசருக்குப் பேச்சு சூடு பிடித்துவிட்டது.

"காது கேக்கலேன்னா டிவி எதுக்குங்க? நான் கேக்கறேன், எனக்குப் புரியல. பாதிதானே கெடைக்கும்? பாதி கெடைக்கறவங்களுக்கு எதுக்கு ரெண்டு மடங்கு? தலைமைப் பொறியாளர் வீட்டம்மா என்னைக் கேக்கறாங்க, பம்ப் ஆபரேட்டர் வீட்டுல நம்மளவிடப் பெருசாமேன்னு. நான் எங்க மூஞ்சிய வச்சுக்கறது? இன்னைக்குப் பெரிய டிவி, நாளைக்குக் கை வச்ச நாற்காலி. அப்புறம் என்னை எதை வச்சு ஆபீசர்னு கண்டுபிடிப்பீங்க?"

ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தன் நகைச்சுவைக்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து ஆபீசரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு டேப்பு பக்கம் குனிந்து, எங்களுக்குக் கேட்காதபடி ஏதோ முணுமுணுத்தார். எனக்குக் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. ஆனால் போன் அவர் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

வால்வ் திறப்பவரின் மனைவி ஜன்னல் கம்பிக்குள் மூக்கை நுழைத்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்.

"‘ஸ்டோருக்கு வேண்டாம். அங்க வச்சா தூசி படியும். நேரா என் வீட்டுக்குக் கொண்டு போ. பின்பக்கமா போ.’"

ஆபீசர் திரும்பினார். தன் வாயிலிருந்து வந்தது அத்தனை பெரிய எழுத்தில் சுவரில் நிற்பதைப் பார்த்தார்.

"இதென்ன?" என்றார். ‘இதென்ன’ என்று திரையில் விழுந்தது.

"நான் அப்படிச் சொல்லல" என்றார். அதுவும் விழுந்தது, முந்தின வரிக்கு நேர் கீழே. இரண்டு வரியையும் வரிசை முழுக்கப் படித்தது.

"அணைங்க அதை."

‘அணைங்க அதை.’

டேப்பு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், தோள் மட்டும் குலுங்கியது. ஆபீசர் வாயை மூடிக்கொண்டார். நாற்பது வருஷமாக வாயாலேயே நடந்த வாரியம் அந்த இடத்தில் நின்றுபோனது. டிவியை எடு என்று கையால் காட்டினார். தூக்க வந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், யார் வீட்டுக்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதுவும் திரையில் விழுந்தது. பதில் சொல்ல ஆபீசர் வாயைத் திறந்தார், திரையைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

நான் எழுந்தேன். இருபத்தாறு வருஷத்தில் ஓர் அதிகாரிக்கு முன்னால் என் குரல் நடுங்காமல் இருந்தது அன்றைக்குத்தான். டிவி என் மனைவியின் பேரில் வாங்கியது, உங்கள் வாய்மொழி உத்தரவு அவளுக்குக் கேட்காது, எடுத்துப்போக வேண்டுமானால் யார் சொல்லி, எந்த விதிப்படி, யார் வீட்டுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். மகள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினாள். பேனாவின் மூடியையும் கழற்றியே நீட்டினாள். அவர் அந்தத் தாளை, அதில் பாம்பு இருக்கிற மாதிரி பார்த்தார். கை நீளவில்லை.

அதுவரை படித்துக்கொண்டிருந்த மனைவி திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். அவள் குரல் அவளுக்குக் கேட்காததால் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவாள். ஜன்னல் தாண்டித் தெருவரை கேட்டிருக்கும்.

"பெரிய பெரிய ஆளுங்கல்லாம் என்னமோ பேசிக்கறாங்களே, நமக்கு ஒண்ணும் கேக்காமப் போச்சேன்னு எத்தனையோ நாள் அழுதிருக்கேன் சார். இவ்வளவுதானா?"

அதுவும் அவருக்கு எதிரே உள்ளங்கை அகல எழுத்தில் வந்து நின்றது. அவர் கடைசிவரை படித்தார். பிறகு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனார். தள்ளுவண்டி வெறுமையாகக் கடகடவென்று அவர் பின்னால் போனது.